‘இவ்வளவுதான் வளரும்’ என்கிறாரா பாம்பு விற்பவர்? கொஞ்சம் நில்லுங்க!

மக்கள் தொடர்பு முகாம் ஒன்றைப் பற்றி எழுதுவதற்காக ஆம்பூர் பக்கம் போயிருந்தேன். முகாம் முடிந்து பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நின்றபோது, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் மொபைலை நீட்டினார். “அக்கா, நீங்க கவர்மென்ட் பத்திரிகையில எழுதுறீங்கள்ல? இதை வாங்கலாமா, சட்டப்படி சரியான்னு சொல்லுங்க.”

திரையில் ஒரு உள்ளங்கை. அதில் கறுப்பும் பழுப்புமாகச் சுருண்டு கிடந்த ஒரு குட்டிப் பாம்பு. ‘பால் பைத்தான். வளர்ந்தாலும் சின்னதுதான். வீட்டுக்கே டெலிவரி’ என்று கீழே எழுதியிருந்தது. அடுத்த படத்தில் இன்னொரு உள்ளங்கை, மஞ்சளும் வெள்ளையுமாக இன்னொரு குட்டி. அதற்கும் அதே வாசகம்: ‘இதுவும் சின்னதுதான்.’

அங்கே நின்றபோது எனக்கும் பதில் தெரியாது. சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்த இரண்டாவது குட்டி, பர்மிய மலைப்பாம்பின் வெளிர்நிற வகை. இன்றைக்கு ஒரு முழம் இருக்கிறது. வளர்ந்து முடிக்கும்போது ஒரு ஆட்டோவின் நீளத்தைத் தாண்டிவிடும். இரண்டு குட்டிகளையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விற்பவருக்கு அது வசதி.

அந்தத் தம்பி கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘எவ்வளவு வளரும்?’ என்பது ஒன்று. ‘வைத்துக்கொள்ளலாமா?’ என்பது இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாம் ‘பைத்தான்’தான், ஆனால் எந்தப் பைத்தான்?

மாடு என்று சொன்னால் புங்கனூர்க் குட்டை மாடும் மாடுதான், காங்கேயம் காளையும் மாடுதான். பைத்தானும் அப்படித்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் வளர்ந்தால் சராசரியாக 3 முதல் 5 அடி. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், பெயர் வந்த காரணம் அதுதான். பர்மிய மலைப்பாம்பு 12 அடியைச் சாதாரணமாகத் தொடும். பெண் பாம்பு என்றால் 16 அடிகூடப் போகும். தென்கிழக்கு ஆசியாவின் ரெட்டிகுலேட்டட் பைத்தான்தான் உலகத்திலேயே நீளமான பாம்பு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் ‘மெடூசா’ என்று பெயர் வைத்து வளர்க்கப்பட்ட ஒரு பெண் பாம்பு, 2011-இல் அளந்தபோது 7.67 மீட்டர் இருந்தது. 25 அடிக்கும் மேல். எடை 158.8 கிலோ.

போவா குடும்பத்திலும் இதே கதை. மத்திய, தென் அமெரிக்காவின் போவா கன்ஸ்டிரிக்டர் பெரும்பாலும் 6 முதல் 10 அடி. அனகோண்டாக்களும் போவா குடும்பம்தான். நம்ம ஊர் மண்ணுளிப் பாம்பும் அந்தக் குடும்பத்துச் சொந்தம்தான், ஆனால் சாதாரணமாக 2 அடியோடு நின்றுவிடும். ஒரே குடும்பத்தில் ஒருவர் முழங்கால் உயரம், இன்னொருவர் பனை மரம்!

ஆக, ‘பைத்தான் குட்டி’ என்ற பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். விற்பவரிடம் இனத்தின் முழுப் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இனம் தெரிந்தாலும் போதாது

பாம்புகளில், குறிப்பாக மலைப்பாம்பு, போவா வகைகளில், பெண்தான் பெரிசு. பால் பைத்தானில் ஆண் மூன்று, மூன்றரை அடியில் நிற்கும்போது பெண் நான்கு, ஐந்து அடிக்குப் போகும். பர்மிய, ரெட்டிகுலேட்டட் வகைகளில் இந்த வித்தியாசம் பல அடிகள். குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கண்ணால் சொல்ல முடியாது. வால் தொடங்கும் இடத்தில், கழிவு வாய்க்கு இருபுறமும் நகம் மாதிரி இரண்டு சின்ன உறுப்புகள் இருக்கும். அந்தக் காலத்துப் பின்னங்கால்களின் மிச்சம் அது. ஆணுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பார்கள். ஆனால் கைப்பழக்கம் உள்ளவர்கள் உள்பக்கமாகச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதி. ‘ஆண் குட்டிதான், சின்னதா இருக்கும்’ என்று ஒரு ரீல்ஸில் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அடுத்தது பூர்வீகம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரே இனத்துப் பாம்பு, சின்னத் தீவில் பல தலைமுறை வாழ்ந்தால் உருவம் சுருங்கிவிடுகிறது. அங்கே கிடைக்கும் இரை அப்படி. ஹோண்டுராஸ் நாட்டுக் கரைக்கு அப்பால் உள்ள காயோஸ் கொச்சினோஸ் தீவுகளில் ஒரு போவா இருக்கிறது. பெருநிலத்துப் போவா 8, 10 அடி போகும்போது இது பெரும்பாலும் 5 அடிக்குள் நின்றுவிடும். இந்தோனேசியாவின் சுலவேசிக்குத் தெற்கே கலாவோதோவா என்று ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவின் ரெட்டிகுலேட்டட் பைத்தானை வளர்ப்பவர்கள் ‘சூப்பர் ட்வார்ஃப்’ என்கிறார்கள். பர்மிய மலைப்பாம்பிலும் சுலவேசி தீவில் குள்ள வகை உண்டு.

விற்பனைப் பதிவுகளில் ‘ட்வார்ஃப்’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? சொல் உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் குட்டி அந்தத் தீவின் வம்சம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? தீவுப் பாம்பையும் பெருநிலத்துப் பாம்பையும் இணை சேர்த்துக் கலப்புக் குட்டிகளும் விற்கிறார்கள். அப்பா மாதிரி வருமா, அம்மா மாதிரி வருமா என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. நம்ம வீட்டுப் பிள்ளைகளிலேயே ஒருவன் ஆறடி, இன்னொருவன் ஐந்தடி இல்லையா?

பிறகு சாப்பாடு. ‘தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் பாம்பு வளரும்’ என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. தவறு. கண்ணாடித் தொட்டிக்குப் பயந்து எந்தப் பாம்பும் வளராமல் நிற்பதில்லை. அடைசலான இடத்தில் நோய்தான் வரும். வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு உணவுக்கு, அதிலும் பிறந்த முதல் வருடத்து உணவுக்கு. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் ஃபாக் அணை என்ற இடத்தில், காட்டில் வாழும் நீர் மலைப்பாம்புகளைத் தாமஸ் மேட்சன், ரிச்சர்ட் ஷைன் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருடம் பிடித்து அளந்து விட்டார்கள். எலி நிறையக் கிடைத்த வருடத்தில் பிறந்த குட்டிகள், பின்னாளிலும் வேகமாக வளர்ந்தன. பஞ்ச வருடத்தில் பிறந்தவை, பின்னால் நன்றாகச் சாப்பிட்டும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. 2000-இல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பில் ‘வெள்ளிக் கரண்டி’ என்ற சொல்லையே வைத்தார்கள், நாம் ‘வெள்ளித் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை’ என்று சொல்வோமே, அந்த அர்த்தத்தில்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ பட்டினி போட்டா சின்னதாவே வச்சுக்கலாமே’ என்று யாராவது நினைத்தால், அது மிருகவதை. பட்டினி போட்ட பாம்பு நோஞ்சானாகும். மறுபக்கம், ‘சீக்கிரம் பெரிசாகட்டும்’ என்று வாரத்துக்கு நாலு எலி திணிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாம்புக்குக் கொழுப்பு ஏறி ஆயுள் குறையும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இவற்றின் வளர்ச்சி முதல் சில வருடங்களில் ஓட்டம், இனப்பெருக்க வயது வந்த பிறகு நடை. முழுக்க நிற்பதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் உயிரோடு இருக்கும். டீக்கடையில் நின்ற அந்தத் தம்பிக்கு வயது 23. இன்று வாங்கினால், பாம்பு கண்ணை மூடும்போது அவருக்கு 50 தாண்டியிருக்கும். நடுவில் கல்யாணம், வாடகை வீடு, வெளியூர் மாற்றல் எல்லாம் வரும். மனைவியாக வரப்போகிறவரிடம் இதை எப்போது சொல்வார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

தோல் பார்த்து நீளம் சொல்லாதீர்கள்

இதை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசகர்களுக்குச் சொல்வது சுலபம். டேனரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் தெரியும்: ஈரத் தோலை ஃபிரேமில் டாகிள் போட்டு நாலா பக்கமும் இழுத்துக் காய வைத்தால், பரப்பு கூடும். விலை சதுர அடிக் கணக்கு என்பதால் ஒவ்வொரு அங்குலமும் காசு. மாட்டுத் தோலே அப்படி இழுபடும் என்றால் பாம்புத் தோலை யோசியுங்கள். தன்னைவிடப் பருத்த இரையை விழுங்குவதற்காகவே விரிந்து கொடுக்கும்படி அமைந்த தோல் அது. உரித்து இழுத்துக் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கும், அதற்கு மேலும் நீளும். உயிரோடு 12 அடி இருந்த பாம்பு, சுவரில் ஆணி அடித்த தோலாக 15 அடி ஆகிவிடும்.

நம்ம நாட்டு மலைப்பாம்பின் உச்ச நீளம் எவ்வளவு என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்ததற்கு ஒரு காரணமே இந்த இழுத்த தோல்கள்தான். இன்னொரு காரணம், பெரிய உருவம் கொண்ட பர்மிய மலைப்பாம்பையும் இதனோடு ஒன்றாகச் சேர்த்து எண்ணியது. முறையாகப் பதிவான மிக நீளமான இந்திய மலைப்பாம்பு பாகிஸ்தானில் கிடைத்தது: 4.6 மீட்டர், அதாவது 15 அடி, 52 கிலோ. அது விதிவிலக்கு. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அளந்தபோது, அங்கிருந்த பாம்புகளில் மிகப் பெரிய கால் பங்கே 9 முதல் 11 அடிக்குள்தான் இருந்தது.

உரித்துப் போட்ட பாம்புச் சட்டையும் இதே மாதிரிதான். உள்ளிருந்து வெளியாகக் கழலும்போது நீண்டுவிடும். தோட்டத்தில் 8 அடிச் சட்டை கிடந்தால் பாம்பு 8 அடி இருக்காது, குறைவாகத்தான் இருக்கும். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உயிருள்ள பாம்பை அளப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. நேராகப் படுக்காது. பார்ப்பவரின் பயமும் சில அடிகளைச் சேர்த்துவிடும். இங்கே என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன்: ஜர்னலிசம் படித்தபோது பயிற்சிக்காக எழுதிய ஒரு செய்தியில், ஊர்க்காரர் சொன்னார் என்று ‘15 அடி நீள மலைப்பாம்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். யார் அளந்தது என்று ஆசிரியர் கேட்டார். பதில் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ‘பேபி’ என்ற பர்மிய மலைப்பாம்பைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எடை 182 கிலோவுக்கு மேல். நீளம் 27 அடி என்று விளம்பரம். இறந்த பிறகு அளந்தால் 5.74 மீட்டர், 19 அடிகூட முழுசாக இல்லை. நியூயார்க் விலங்கியல் சங்கம், 30 அடி நீளப் பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பரிசு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. ஆயிரம் டாலரில் தொடங்கி 50,000 டாலர் வரை உயர்த்தினார்கள். கடைசிவரை ஒருவரும் வாங்கவில்லை.

ஒரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன். நம்ம மாநிலத்தில் ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம் பெரிய அளவில் நடந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்த வியாபாரம் முடிந்தது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் மக்களுக்காக 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டு, விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கும் வேலையாக அது மாறியது. இன்றைக்கு ஷூவிலும் ஹேண்ட்பேகிலும் பார்க்கும் ‘பைத்தான் பிரிண்ட்’ பெரும்பாலும் ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் மேல் எம்போஸ் செய்ததுதான்.

எடையை வைத்து ஏமாற்றும் கூட்டம்

பாம்பின் அளவை வைத்து நடக்கும் மோசடி இன்ஸ்டாகிராமுக்கு முன்பே நம்ம ஊரில் உண்டு. 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படம் பார்த்தவர்களுக்கு மண்ணுளிப் பாம்பு மோசடியைச் சொல்லத் தேவையில்லை. இருதலை மணியன் என்றும் சொல்வார்கள். வால் நுனி மழுங்கி தலை மாதிரியே இருப்பதால் வந்த பெயர். தலை ஒன்றுதான். ஆபத்து வந்தால் வாலைத் தூக்கிக் காட்டி, எதிரியைத் தவறான பக்கம் கடிக்க வைக்கும் தந்திரம் அது.

‘இத்தனை கிலோவுக்கு மேல் இருந்தால் வெளிநாட்டில் கோடிக்கணக்கில் எடுப்பார்கள், மருந்து செய்வார்கள்’ என்பதுதான் கதை. இப்போது அளவுப் பாடத்தைப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக 2 அடி, பெரிதானால் 3 அடி சொச்சம் வளரும் பாம்பு அது. இவர்கள் கேட்கிற அஞ்சு கிலோ எடை அதற்கு வரவே வராது. அதனால்தான் அந்த எடையைக் கேட்கிறார்கள்! கிடைக்காத பொருளுக்குத்தான் முன்பணம் வாங்கிக்கொண்டே இருக்க முடியும். மருந்துக் கதைக்கும் ஆதாரம் இல்லை. இந்தப் பாம்பைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். ஏமாந்தவர் புகார் கொடுக்கவும் பயப்படுவார், அவரும் வாங்கத்தானே போனார்?

நம்ம காட்டுப் பாம்பு நம்ம வீட்டுப் பாம்பு அல்ல

ஜவ்வாது மலை அடிவாரம், ஆலங்காயம், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் கோழிக் கூண்டு, கரும்புத் தோட்டம், வலை போட்ட கிணறு என்று மலைப்பாம்பு வருவது புதிதில்லை. சில நேரம் குட்டியும் வரும். முட்டையிலிருந்து வரும்போது ஒன்றரை, இரண்டு அடிதான். பசங்க பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

இங்கே இரண்டு ஆபத்து. முதலாவது, உயிர். மலைப்பாம்புக் குட்டிக்கும், மண்ணுளி வகையில் திட்டுத் திட்டாக இருக்கும் இன்னொரு பாம்புக்கும், கண்ணாடி விரியனுக்கும் தூரத்துப் பார்வையில் ஒரே சாயல். குட்டையான பருத்த உடம்பு, பழுப்பில் கரும்புள்ளிகள். விரியனின் முதுகில் முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும், மற்றதில் ஒழுங்கில்லாமல் இருக்கும் என்று புத்தகத்தில் படிக்கலாம். மாலை ஆறரை மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், அந்தப் பாடம் உதவாது. கண்ணாடி விரியன் நாட்டில் மிக அதிகம் பேரைக் கொல்லும் பாம்புகளில் ஒன்று. ‘சின்ன மலைப்பாம்புதான்’ என்று கையில் எடுப்பவர் தன் உயிரை வைத்துச் சூதாடுகிறார். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது, சட்டம். இந்திய மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பர்மிய, ரெட்டிகுலேட்டட் வகைகளும் இந்தியக் காடுகளில் வாழ்பவையே, அவற்றுக்கும் அதே பாதுகாப்பு. பிடிப்பது, அடிப்பது, வளர்ப்பது, விற்பது எதற்கும் வழியில்லை. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘குட்டிதான் சார், வளர்த்துட்டு விட்டுடலாம்னு’ என்பது வாதமாகாது. ஆகவே டீக்கடையில் பார்த்த அந்த மஞ்சள் குட்டியின் கதை இங்கேயே முடிந்துவிட்டது. எவ்வளவு வளரும் என்று கேட்கவே தேவையில்லை.

மலைப்பாம்பு வந்தால் தள்ளி நின்று, குழந்தைகளையும் ஆடு கோழியையும் நகர்த்திவிட்டு, 101-இல் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையையோ, 112-ஐயோ, பக்கத்து வனச்சரக அலுவலகத்தையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். இரை விழுங்கிய பாம்பு என்றால் சீண்டவே வேண்டாம். பயந்தால் விழுங்கியதைக் கக்கிவிட்டு வேகமாக நகரும்.

அப்படியானால் பால் பைத்தான்?

இது வெளிநாட்டு இனம். விதி வேறு. வெளிநாட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் பால் பைத்தான், போவா வகைகள் எல்லாம் இருக்கின்றன. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தப் பட்டியல் நான்காவது அட்டவணையாகச் சேர்ந்தது. அதன்படி இவற்றை வைத்திருப்பவர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் பதிவு.

எங்கே பதிவு செய்வது? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில். மொபைலிலேயே திறக்கலாம், ஆனால் படிவம் பெரியது, கம்ப்யூட்டரில் செய்தால் நிம்மதி. கணக்குத் தொடங்கி, உயிரினத்தின் விவரம், எண்ணிக்கை, எங்கிருந்து வந்தது, வைத்திருக்கும் இடம் எல்லாம் கொடுத்து, உரிய கட்டணத்துடன் அனுப்பினால், விண்ணப்பம் நம்ம மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் போகும். கைமாற்றினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி என்றால் சைட்டீஸ் அனுமதி, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம், கால்நடைத் தனிமைப்படுத்தல் எல்லாம் தனியாக வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக் விமானத்தில் வந்து யாரும் எடுக்காமல் விட்ட பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் கிடைத்தன. அதே வருடம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் டிராலிப் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். 2024 ஏப்ரலில் பெங்களூரில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள், வளர்ந்தால் 10 அடி தாண்டும் பாம்பு. பெட்டியில் வரும்போது எல்லாமே சின்னதுதான். அப்படி வந்ததில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ‘எனக்குத் தெரியாது, ஆன்லைனில் வாங்கினேன்’ என்ற பதில் எடுபடாது. விற்பவரின் பெயரில் பதிவு இருக்கிறதா, அந்தப் பதிவில் இந்தப் பாம்பு இருக்கிறதா, உங்கள் பெயருக்கு முறைப்படி மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். நீளத்தைப் பற்றிக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கையை மீறி வளர்ந்துவிட்டால்?

8 அடியைத் தாண்டிய எந்தப் பாம்பையும் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது வளர்ப்பவர்களே வைத்திருக்கும் விதி. விஷம் இல்லாவிட்டாலும், சுற்றிக்கொண்டால் ஒருவரால் பிரித்தெடுக்க முடியாது. அந்தக் கட்டம் வந்ததும் சிலர் செய்யும் காரியம், ராத்திரியில் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிடுவது. இதைச் செய்யவே கூடாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதுதான் நடந்தது. செல்லமாக வளர்த்து விடப்பட்டவையும் தப்பித்தவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகளை அடியோடு குறைத்துவிட்டன. 2023-இல் அங்கே பிடிபட்ட ஒரு பர்மிய மலைப்பாம்பு 19 அடி. ஆட்களையும் நாய்களையும் வைத்துத் தேடியும் புல்லுக்குள் கண்டுபிடிக்க முடியாமல், 2017 ஜனவரியில் நம்ம செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து இருளர் இனத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தார்கள். புல் மடங்கியிருப்பதையும் தரையில் இருக்கும் தடத்தையும் பார்த்தே இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. யாரோ ஒருவர் ‘சின்னதாவே இருக்கும்’ என்று நம்பி வாங்கிய குட்டியின் வம்சத்தைத் தேடிப் பிடிக்க, பூமியின் மறுபக்கத்திலிருந்து ஆள் போக வேண்டியிருந்தது.

உங்களிடம் ஏற்கெனவே பதிவில்லாத பாம்பு இருந்தால், பயந்து மறைக்காதீர்கள், வெளியிலும் விடாதீர்கள். மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வாங்கிய தேதி, பணம் அனுப்பிய ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும், அவர்கள் தேடி வருவதற்கும் வித்தியாசம் உண்டு.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அந்த ஆம்பூர் தம்பிக்கு போன் போட்டேன். நான் சொன்ன கேள்விகளை விற்பவருக்கு மெசேஜ் அனுப்பினாராம்: இனத்தின் பெயர், பரிவேஷ் பதிவு எண், மாற்றித் தருவீர்களா. இரண்டு நீல டிக் வந்ததாம். ஐந்து நிமிடத்தில் பிளாக் செய்துவிட்டாராம். “முன்பணம் ரெண்டாயிரம் போடச் சொல்லியிருந்தாருக்கா, நல்லவேளை சம்பளம் வரலை” என்றார்.